கதைக்காரன் கூலியும் கம்பெனியின் பெருமையும்

சென்ற மாதம் நமது சங்க ஆபீசில் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. இரவு ஷிப்டு முடித்து வந்த இளம் தோழர் ஒருவர் தமது செல்போனில் ஓர் அமெரிக்கப் படத்தைக் காட்டினார். மலைபோன்ற உடம்புள்ள ஒருவன் வாளைச் சுழற்றுகிறான், மந்திரவாதிகளை வெட்டிச் சாய்க்கிறான், கடைசியில் ராஜாவாகிறான். 1982-ல் வெளிவந்த 'கானன்' படம் அது.

"இதை எழுதினவன் யாரோ, தோழரே! ஆனால் அர்னால்டு நடித்திராவிட்டால் யார் பார்த்திருப்பார்கள்?" என்றார் அவர்.

"பணம் போட்டவன் இல்லாவிட்டால் அர்னால்டு எங்கே நடிப்பார்?" என்று மடக்கினார் இன்னொருவர்.

மூலையில் டீ குடித்துக் கொண்டிருந்த விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். எழுதினவனுக்குக் கூலி கொடுத்தார்களா?"

தோழர்களே, இந்த மூன்றாவது கேள்விதான் சரியான கேள்வி. ஒரு கதை நூறு வருஷமாகப் பேர் வாங்குகிறது என்றால் அந்தப் பேர் யாருக்குச் சேரவேண்டும்? எழுதியவனுக்கா, திருத்தியவனுக்கா, அச்சுப் போட்டவனுக்கா, படம் பிடித்தவனுக்கா? இது ஏதோ படித்தவர்கள் பொழுதுபோக்காகப் பேசும் இலக்கியச் சர்ச்சை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நூல் நூற்றவன் யார், துணியில் முத்திரை குத்திக் கொண்டவன் யார் என்று ஆலை வாசலில் நாம் கேட்கிறோமே, அதே கேள்விதான் இது.

யார் இந்தக் கதைக்காரன்?

கானனைப் படைத்தவர் பெயர் ராபர்ட் ஹோவர்ட். அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் 1906-ல் பிறந்தவர். தகப்பனார் கிராமத்து டாக்டர். தாயார் காசநோயாளி. ஊர் ஊராக மாறிய குடும்பம் 1919-ல் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் குடியேறியது. பருத்தியும் கால்நடையும் உள்ள வறண்ட பூமி. சிறிது காலத்தில் அங்கே பூமியிலிருந்து எண்ணெய் கிளம்பிற்று. பணம் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்தனர். சூதாட்டமும் குடியும் அடிதடியும் கூடவே வந்தன. எண்ணெய் வற்றியதும் பணமும் போயிற்று. ஒரு சிலர் கொழுக்க, ஊர் பாழாய்ப் போவதை அந்த இளைஞர் கண்ணால் கண்டார். பிற்காலத்தில் அதைப் பற்றிக் கடிதங்களில் கசப்போடு எழுதினார்.

அவர் மாளிகையில் அமர்ந்து எழுதியவர் அல்லர். தாம் பார்த்த வேலைகளைத் தாமே ஒரு கடிதத்தில் வரிசைப்படுத்தியிருக்கிறார். பருத்தி எடுத்தார். மாட்டுக்குச் சூடு போட்டார். குப்பை வண்டி ஓட்டினார். மளிகைக் கடையில் நின்றார். சோடாக் கடையில் கிளாஸ் கழுவி ஊற்றிக் கொடுத்தார். நில அளவைக்காரருக்குக் கோல் சுமந்தார். எண்ணெய் வயல் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பினார். எந்த இடத்திலும் நிலைக்கவில்லை. முதலாளியின் அதட்டலைப் பொறுக்க முடியாத சுபாவம். கடைசியில் ஒரு டைப்ரைட்டரை நம்பி வீட்டில் உட்கார்ந்தார்.

1924-ல், பதினெட்டு வயதில், 'வியர்ட் டேல்ஸ்' என்ற பத்திரிகை அவருடைய கதை ஒன்றை ஏற்றது. வார்த்தைக்கு அரை சென்ட் கூலி. அதாவது இருநூறு வார்த்தைக்கு ஒரு டாலர். அந்தக் கதைக்குக் கிடைத்த மொத்தக் கூலி 16 டாலர். அதுவும் உடனே அல்ல. கதை அச்சான பிறகுதான் பணம். அச்சாகியது 1925-ல்.

அது முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் ஓயவில்லை. குத்துச்சண்டைக் கதை, கடலோடி கதை, மாட்டுக்கார முரடன் கதை, பேய்க் கதை, சரித்திரக் கதை, பாட்டு என்று நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தார். வாய்விட்டு உரக்கச் சொல்லிக்கொண்டே டைப் அடிப்பார் என்றும், அந்தச் சத்தம் அண்டை வீட்டாருக்குக் கேட்கும் என்றும் சொல்வார்கள். ஆகவே இதை வேலை என்றுதான் சொல்ல வேண்டும். தறி ஓடும் சத்தத்தைப் போல அதுவும் ஒரு தொழிற்சாலைச் சத்தமே.

1932 டிசம்பர் இதழில் கானன் முதன்முதலாகத் தோன்றினான். அந்த முதற் கதையும் புதிதாகப் பிறந்ததல்ல. வேறொரு ராஜாவை வைத்து எழுதி, பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பழைய கதையைப் பிரித்து, பாவு மாற்றி, மறுபடி நெய்ததுதான் அது. 1936 வரை பதினேழு கானன் கதைகள் அந்த ஒரே பத்திரிகையில் வந்தன.

கூலிப் பாக்கி

இப்போது நமது விவசாயத் தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். கூலி கொடுத்தார்களா?

கொடுக்கவில்லை. முழுசாகக் கொடுக்கவில்லை.

1929-ல் அமெரிக்க முதலாளித்துவம் தலைகுப்புற விழுந்தது. வங்கிகள் மூடின. ஆலைகள் நின்றன. பத்திரிகை முதலாளிகளும் கையை விரித்தார்கள். கதை அச்சாகும், இதழ் கடைக்கு வரும், வாசகன் காசு கொடுத்து வாங்குவான். எழுதியவனுக்கு மட்டும் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தவணை.

தாயாரின் நோய் முற்றியது. வைத்தியச் செலவு ஏறியது. 1935 மே மாதம் ஹோவர்ட் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏற்கெனவே அச்சாகிவிட்ட கதைகளுக்கு மட்டும் வரவேண்டிய பாக்கி 800 டாலருக்கு மேல் இருந்தது. முழுத் தொகையையும் ஒரேயடியாக அவர் கேட்கவில்லை. மாதம் ஒரு செக் வந்தால்கூட நாளைத் தள்ளலாம் என்ற பொருளில் கெஞ்சி எழுதினார். 16 டாலருக்குக் கதை விற்றவருக்கு 800 டாலர் என்பது எவ்வளவு நாளைய உழைப்பு என்பதைத் தோழர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பத்திரிகை பெரும் பணக்காரப் பத்திரிகை அல்ல என்பது உண்மை. நஷ்டத்தில் தள்ளாடியது. அதன் ஆசிரியர் பார்ன்ஸ்வொர்த் ரைட், நடுக்க நோயோடு போராடிக்கொண்டே வேலை பார்த்தவர். நல்ல கதையை அடையாளம் காணத் தெரிந்தவர். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். காகிதக் கடைக்காரனிடம் கடன் சொன்னால் காகிதம் வருமா? அச்சகத்தில் பாக்கி வைத்தால் இயந்திரம் ஓடுமா? எங்கே காத்திருக்கச் சொன்னால் கேட்பாரில்லையோ அங்கேதான் பாக்கி விழும். எழுதுகிறவனுக்குச் சங்கம் இல்லை. கூட்டு பேரம் இல்லை. டெக்சாஸ் மூலையில் தனியாள். களத்து மேட்டில் கடைசியாக அளக்கப்படும் கூலி எவனுடையது? கேட்க ஆளில்லாதவனுடையது. இங்கும் அதே நியாயம்தான்.

1936 ஜூன் 11-ஆம் தேதி, தாயார் இனிக் கண் விழிக்க மாட்டார் என்று தெரிந்ததும், ஹோவர்ட் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். வயது முப்பது. மறுநாள் தாயாரும் காலமானார்.

கூலிப் பாக்கிதான் அவரைக் கொன்றது என்று நாம் சொல்லமாட்டோம். மனிதனின் துயரத்திற்கு ஒரே வேர் கிடையாது. தாயின் நோய், தனிமை, நெடுநாளைய மனச்சோர்வு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவர் சாகும்போது அந்தப் பத்திரிகை அவருக்குக் கொடுக்க வேண்டியது ஆயிரம் டாலருக்கு மேல் நின்றது. இது சரித்திரம். மகனின் கூலிப் பாக்கிக்காக அதற்குப் பின் கிழத் தகப்பனார் அலைய வேண்டியதாயிற்று.

பெருமைக்குப் பாத்தியம் கொண்டாடுகிறவர்கள்

செத்தவனுக்குப் பங்காளிகள் அதிகம் என்பார்கள். ஹோவர்ட் விஷயத்தில் பங்காளிகள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் செய்த வேலையைத் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே நியாயம்.

1946-ல் ஆகஸ்ட் டெர்லெத் என்பவர் தமது சிறு பதிப்பகத்தின் மூலம் ஹோவர்ட் கதைகளின் பெருந்தொகுதி ஒன்றைக் கொண்டு வந்தார். பழைய பத்திரிகைகளோடு கதைகளும் மக்கிப் போகாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம். 1950 முதல் நோம் பிரஸ் என்ற வேறொரு சிறு பதிப்பகம் கானன் கதைகளைப் புத்தகங்களாக வெளியிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்பிரேக் டி கேம்ப் என்ற எழுத்தாளர் உள்ளே வந்தார். கானன் கதைகளைப் படித்து மயங்கினார். அச்சாகாமல் ஏஜெண்டு வீட்டில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் பிடித்தார். அவற்றைத் திருத்தினார். கானனே இல்லாத நான்கு ஹோவர்ட் கதைகளை எடுத்து, கதாநாயகன் பெயரை மாற்றி, மந்திர தந்திரத்தைச் சேர்த்து, கானன் கதைகளாக ஆக்கி 1955-ல் புத்தகம் போட்டார். பிறகு லின் கார்ட்டர் என்பவரையும் சேர்த்துக் கொண்டு, கதைக்கும் கதைக்கும் நடுவே புதுக் கதைகளை எழுதி நிரப்பினார். 1966 முதல் லான்சர் கம்பெனி இவற்றை மலிவு விலைப் புத்தகங்களாக அடித்து விட்டது. லட்சக்கணக்கில் விற்றன.

அட்டையில் பிராங்க் பிரஸெட்டா என்ற ஓவியர் தீட்டிய படம் இருந்தது. படத்துக்காகவே புத்தகம் வாங்கியவர்கள் ஏராளம். அவர் அசல் ஓவியத்தைக் கம்பெனிக்குத் தாரை வார்க்காமல் திருப்பி வாங்கி வைத்துக் கொண்டார் என்பது நாம் மெச்சத்தக்க விஷயம். அப்படிப்பட்ட கானன் ஓவியம் ஒன்று 2009-ல் பத்து லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. முதற் கதைக்கு 16 டாலர். அட்டைப் படத்திற்குப் பத்து லட்சம்! ஓவியர் மீது நமக்கு வருத்தமில்லை. தன் உழைப்பின் பலனைக் கையைவிட்டுப் போகாமல் காத்துக் கொண்ட தொழிலாளி அவர். காத்துக்கொள்ள வழியில்லாமல் போனவரை நினைத்துத்தான் நெஞ்சு கனக்கிறது.

1970-ல் மார்வெல் கம்பெனி கானனைப் படக்கதையாக்கியது. 1982-ல் சினிமா வந்தது. இன்று 'கானன்' என்ற பெயரே ஒரு கம்பெனிச் சொத்து. அதை வைத்து விளையாட்டுகளும் பொம்மைகளும் விற்கிறார்கள்.

"டி கேம்ப் இல்லாவிட்டால் ஹோவர்டை எவன் அறிவான்?"

இப்படி ஒரு வாதம் உண்டு. அதை நாம் தட்டிக் கழிக்கக் கூடாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. புத்தகம் அச்சிலேயே இல்லாமல் போயிருந்தால் அடுத்த தலைமுறைக்கு அது எட்டியிராது. டி கேம்ப் உழைத்தார். அதற்குரிய கூலியும் பேரும் அவருக்கு உண்டு.

ஆனால் மறு பாதியைப் பாருங்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டு வந்தவனுக்கு நன்றி சொல்லலாம். விதைத்தவனே நான்தான் என்று அவன் பட்டா கேட்கக் கூடாது. ஹோவர்ட் எழுதிய கதையைத் தொட்டுத் திருத்தி, தம் பெயரையும் அட்டையில் ஏற்றிக்கொண்டபோது, எது ஹோவர்ட் எழுதியது, எது ஒட்டுப் போட்டது என்று வாசகனுக்குத் தெரியாமல் போயிற்று. செத்துப்போன கூட்டாளி வாய் திறந்து மறுக்கவா போகிறான்?

இதற்கு ஒரு பரீட்சையே நடந்திருக்கிறது. 2003 முதல் 2005 வரை கானன் கதைகள் மூன்று தொகுதிகளாக அமெரிக்காவில் மறுபடி வந்தன. ஒட்டுப் போட்ட கதைகள் எல்லாம் நீக்கப்பட்டன. ஹோவர்டின் சொந்த வாசகம் எதுவோ அது மட்டும், மூலப் பிரதிகளையும் பழைய பத்திரிகைகளையும் ஒப்பிட்டு அச்சிடப்பட்டது. இதில் முன் நின்று பாடுபட்டவர் பத்ரீஸ் லூயினே என்ற பிரெஞ்சுக்காரர். என்ன ஆயிற்று? வாசகர்கள் ஓடிப்போனார்களா? இல்லை. அசலைக் கையில் ஏந்திக் கொண்டார்கள். ஊன்றுகோலை எடுத்த பிறகும் ஆள் நின்றான். அப்படியானால் அவன் தன் காலில்தான் நின்றுகொண்டிருந்தான் என்று அர்த்தம்.

"கம்பெனிகள் விளம்பரம் செய்ததால்தான் நீடித்தது" என்ற வாதமும் நிற்காது. 'வியர்ட் டேல்ஸ்' 1954-ல் நின்று போயிற்று. நோம் பிரஸ் அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டது. லான்சர் கம்பெனி 1973-ல் திவாலாயிற்று. கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன, கதை சாயவில்லை. ஆகவே, கதை கம்பெனியால் வாழவில்லை. கதையால் கம்பெனிகள் கொஞ்ச நாள் வாழ்ந்தன.

காகிதக் கிடங்குக்காரர்

அப்படியானால் அசல் பிரதிகளை இத்தனை காலம் காத்தது யார்? இங்கேதான் தோழர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

கிளென் லார்ட் என்று ஒருவர். 1931-ல் பிறந்தவர். கொரியா யுத்தத்திற்குச் சிப்பாயாகப் போய் வந்தவர். டெக்சாஸில் ஒரு காகிதக் கம்பெனியில் கிடங்கு வேலை பார்த்தார். பேராசிரியர் அல்லர், பதிப்பாளர் அல்லர். ஹோவர்ட் கதைகளைப் படித்தார், பிடித்துப் போயிற்று. இந்த மனிதன் எழுதியது இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். பழைய பத்திரிகைகளை விலைக்கு வாங்கினார்.

1957-ல் ஹோவர்டின் பாட்டுகள் புத்தகமாக வந்தபோது அதைத் தொகுத்தவர் இவரே. அச்சுச் செலவுக்கும் இவரே பணம் கொடுத்தார். 1961-ல் ஹோவர்ட் எழுத்துக்காகவே ஒரு சிறு பத்திரிகை ஆரம்பித்தார். 1973 வரை பதினெட்டு இதழ்கள் வந்தன. 1960-களின் நடுவில், கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டிருந்த ஹோவர்டின் பழைய டிரங்குப் பெட்டிக் காகிதங்களைக் கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள்! அச்சாகாத கதைகள், பாதிக் கதைகள், பாட்டுகள், குறிப்புகள். கரையான் தின்றிருந்தால் இன்று பேச்சே இல்லை.

1965-லிருந்து அவர் ஹோவர்டின் வாரிசுகளுக்கு ஏஜெண்டாகவும் இருந்தார். அதற்குரிய தரகும் பெற்றார். இதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கண்டெடுத்ததைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு அதிகாரம் செய்யவில்லை. ஆராய்ச்சி செய்வேன் என்று கேட்டு வந்தவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார். பிற்காலத்தில் அசல் வாசகம் வெளிவர முடிந்ததென்றால் அதன் அடியில் இவருடைய உழைப்பு இருக்கிறது. 2011 டிசம்பர் 31-ல் அவர் காலமானார். சினிமா சுவரொட்டி எதிலும் அவர் பெயர் கிடையாது.

கிராஸ் பிளெயின்ஸ் மக்களையும் மறக்கக் கூடாது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, 1989-ல் ஹோவர்ட் வாழ்ந்த வீட்டை வாங்கி, பழுது பார்த்து, காட்சி நிலையமாக்கினார்கள். சர்க்காரோ சினிமாக் கம்பெனியோ செய்த காரியமல்ல இது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பல தேசங்களிலிருந்து வாசகர்கள் அங்கே கூடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். 2005 டிசம்பரில் புல்வெளித் தீ அந்த ஊரைத் தின்றது. நூறு வீடுகளுக்கு மேல் சாம்பலாயின. கதைக்காரன் வீடு தப்பியது. வீடிழந்த ஜனங்கள் ஊரை மறுபடி கட்டினார்கள். அடுத்து வந்த ஜூனிலும் வாசகர்களை வரவேற்றார்கள்.

அட்டையில் ஏறாத பெயர்

எழுதியவனுக்கே முதற் பெருமை என்று இதுவரை சொல்லி வந்தோம். ஆனால் அத்தோடு கணக்கை மூடினால் நாமும் பாதிக் கணக்குக்காரர்களே. எழுதியவன் எங்கிருந்து எடுத்தான்?

ஹோவர்ட் சிறுவனாக இருந்தபோது, அடிமைத்தளையில் பிறந்து விடுதலை கண்ட கறுப்பின மூதாட்டி ஒருத்தி அவருக்குப் பேய்க் கதைகள் சொல்லியிருக்கிறாள். பாழடைந்த பண்ணை மாளிகைகள், அங்கே எஜமானர்கள் செய்த கொடுமைகள், அந்தக் கொடுமைகள் பேயாக நின்று உலாவுவது எல்லாம் அந்தக் கதைகளில் வரும். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இதை அவரே கடிதத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அவர் இறந்த பின் 1938-ல் அச்சான 'நரகத்துப் புறாக்கள்' என்ற கதை அந்த மண்ணிலிருந்து முளைத்ததுதான். அவர் எழுதிய பேய்க் கதைகளிலேயே சிறந்தது என்று பலரும் சொல்லும் கதை அது.

அந்தக் கிழவிக்குக் கிடைத்த கூலி என்ன? வார்த்தைக்கு அரை சென்ட்கூட இல்லை.

இன்னொன்றும் கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். அதே ஹோவர்ட் தம் கதைகள் சிலவற்றில் கறுப்பு மக்களை இழிவாகச் சித்திரித்தார். வெள்ளையர் நிறவெறி சட்டமாகவே இருந்த டெக்சாஸில் வளர்ந்த மனிதர். அந்த விஷம் அவர் எழுத்திலும் ஏறியது. 1935-ல் முசோலினி எத்தியோப்பியா மீது பாய்ந்தபோது, நாகரிகம் பரப்புகிறோம் என்று சொல்லிக் கொள்ளையடிக்கும் அந்த அக்கிரமத்தைத் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் சாடியவரும் இவரே. இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது நமது வழக்கமல்ல. தாம் யாரிடம் கதை வாங்கினாரோ அந்த ஜனங்களையே எழுத்தில் தாழ்த்தினார் என்றால், அவரும் ஒரு கூலிப் பாக்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஆண்டை செய்த அநியாயத்தை அனுபவித்தவன், தனக்குக் கீழே இருப்பவனுக்கு அதையே செய்வதை நம் ஊர்களிலும் நாம் பார்க்கவில்லையா? இழிவை இழிவென்று சொல்வோம். உழைப்பை உழைப்பென்று மதிப்போம்.

கணக்குத் தீர்ப்போம்

நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

கானன் கதைகளுக்கு உரிய முதற் பெருமை அவற்றைத் தட்டச்சில் அடித்துக் கை ஓய்ந்த ராபர்ட் ஹோவர்டுக்கே. அதற்கும் முன்னால், அடுப்படியிலும் திண்ணையிலும் கதை சொல்லி அவரை வளர்த்த, அட்டையில் பெயர் ஏறாத எளிய மக்களுக்கு ஒரு பங்கு. அந்த எழுத்து நீடித்து நின்றதற்கான பெருமை, தேடிக் காத்த கிடங்குக்காரருக்கும், வீட்டைக் காத்த ஊராருக்கும், பழைய இதழ்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த பெயர் தெரியாத வாசகர்களுக்கும். பதிப்பித்தவருக்கும் திருத்தியவருக்கும் படம் வரைந்தவருக்கும் நடித்தவருக்கும் அவரவர் வேலைக்குத் தக்க பங்கு உண்டு. அதற்கு மேல் இல்லை. கூலியைப் பாக்கி வைத்துவிட்டுப் பெயரைச் சொத்தாக்கிக் கொண்ட பண மூட்டைக்கு எந்தப் பங்கும் கிடையாது.

இந்தக் கணக்கு டெக்சாஸோடு நிற்பதல்ல. அன்று வார்த்தைக்கு அரை சென்ட் என்றான்; இன்று ஆலையில் கான்ட்ராக்ட் என்கிறான், வயலில் பேசிய கூலி நடவு முடிந்தபின் தருகிறேன் என்கிறான். பெயர் வேறு, வித்தை ஒன்றே. தனியாளாக எழுதும் கடிதத்திற்குப் பதில் வராது என்பதை ஹோவர்டின் 1935-ஆம் வருஷத்துக் கடிதம் நமக்குச் சொல்கிறது. பாக்கி உயிரோடு இருக்கும்போதே வசூலாக வேண்டும். செத்த பின் கட்டும் மணிமண்டபம் வயிற்றை நிரப்பாது.

அந்த இளம் தோழருக்கு நாம் சொன்னது இதுதான்: படத்தைப் பாருங்கள், சந்தோஷமாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். இதைச் செய்தவன் யார், அவனுக்கு என்ன கிடைத்தது? எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இந்தக் கேள்வி உங்களுக்குத் தானாக வருமானால், சங்கத்திற்கு ஒரு நல்ல ஊழியர் கிடைத்துவிட்டார் என்று நாம் எண்ணிக் கொள்வோம்.